நீர் சூழ்ந்த வைத்தியசாலை

வெள்ளம் வந்தால் நம் மக்கள் மூன்று இடங்களை நோக்கி ஓடுவார்கள்: பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை. முதல் இரண்டும் மேட்டில் அமைந்திருந்தால் போதும். பாய் விரித்து, பெரிய கிடாரத்தில் சோறாக்கி, நான்கைந்து நாட்களைக் கழித்துவிடலாம். வைத்தியசாலையின் கதை வேறு. அங்கே இருப்பவர்களுக்கு ஓட முடியாது. ஓடக்கூடியவர்களாக இருந்திருந்தால் அவர்கள் அங்கே வந்திருக்கவே மாட்டார்கள். அவர்களைக் காப்பவர்களுக்கோ ஓட முடியும், ஆனால் ஓடக்கூடாது. இவ்விரு சாராரும் ஒரே கூரையின் கீழ் நீரால் சூழப்படும்போது என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சூறாவளிகளின் வரலாறு பெரும்பாலும் தொகைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள், இரண்டரை இலட்சம் வரையான வீடுகள், மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு என்று அந்த இரவு கணக்கிடப்பட்டுள்ளது. இந்தக் கணக்குகள் அவசியமானவைதாம். ஆனால் மின்சாரம் அற்றுப்போன ஒரு வாட்டில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தாதி எத்தனை மணிநேரம் நின்றாள், யாரை முதலில் தூக்கினாள், யாரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டாள் என்பதைத் தொகைகள் சொல்வதில்லை. அதைச் சொல்லும் வரலாறு தனியாக எழுதப்பட வேண்டும்.

இந்தக் கேள்வியை எமது வாசலுக்கே கொண்டுவந்தது 2025ஆம் ஆண்டின் டித்வா சூறாவளி. யெமன் நாடு வழங்கிய பெயர் அது. ஸொகோத்ரா தீவிலுள்ள ஓர் அழகான களப்பின் பெயர். நவம்பர் 28ஆம் திகதி அது கிழக்குக் கரை வழியாக இலங்கைக்குள் புகுந்து, வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்தது. காற்றைவிட மழையே கொன்றது. நக்கிள்ஸ் மலைச்சாரலில் உள்ள எமது மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். இருபத்தைந்து மாவட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மண்சரிவில் மலைநாடு துண்டு துண்டாகியது.

அந்த நாட்களில் சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குள் வெள்ளம் புகுந்தது. நோயாளர்களை வேறிடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அடைக்கலமாக இருந்த இடம், தானே அடைக்கலம் தேடி நின்றது. மஹியங்கனையில் இந்திய இராணுவத்தின் மருத்துவ அணி வந்து கள வைத்தியசாலை ஒன்றை அமைத்துச் சிகிச்சையளித்தது. எமது பக்கத்திலோ, பலாபத்வலைக்காரருக்கு ஏ9 வீதியால் தெற்கே கொஞ்சத் தூரம் போனால் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை. ஆனால் ரத்தோட்டை, கம்மடுவை, லக்கலைப் பக்கத்து மலைத்தோட்ட மக்களுக்கு அந்தத் தூரம் அந்த வாரத்தில் கடக்க முடியாத தூரமாயிற்று. வைத்தியசாலை நீரில் மூழ்குவது ஒரு வகைத் துண்டிப்பு. வைத்தியசாலை நன்றாக இருக்க, அதற்குப் போகும் பாதை மண்ணுள் போவது இன்னொரு வகைத் துண்டிப்பு. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

ஒரு வைத்தியசாலை வெள்ளத்தில் எப்படிச் செயலிழக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, இதுவரை மிக விரிவாக ஆராயப்பட்ட நிகழ்வைப் பார்ப்பது உதவும். அது நடந்தது உலகின் மிகப் பெரிய செல்வந்த நாட்டில், நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில். 2005 ஆகஸ்ட் 29ஆம் திகதி திங்கட்கிழமை கத்ரீனா சூறாவளி அங்கே கரையைத் தாக்கியது. காற்று ஓய்ந்ததும் நகரம் பெருமூச்சு விட்டது. ஆனால் நகரைச் சுற்றியிருந்த வெள்ளத் தடுப்பு அணைகள் உடைந்திருந்தன. கிண்ணம்போல் தாழ்ந்து கிடக்கும் அந்த நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீருக்குள் போனது.

அந்நகரின் தாழ்வான பகுதியொன்றில் இருந்தது மெமோரியல் மருத்துவ நிலையம். 1926இல் கிறிஸ்தவ பாப்டிஸ்ட் சபையினரால் தொடங்கப்பட்டது. தொடங்கி அதிக காலம் செல்லுமுன்னரே, 1927இன் பெருமழையில் அதன் நிலவறைக்குள் நீர் புகுந்திருக்கிறது. ஆகவே கட்டடத்துக்கு அதன் பலவீனம் என்ன என்பது எண்பது வருடங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டுவிட்டது. காலப்போக்கில் அது ஒரு பெரும் கம்பனியின் சொத்தாயிற்று. ஏழாம் மாடியை வேறொரு கம்பனி வாடகைக்கு எடுத்து, நீண்டகாலம் செயற்கைச் சுவாசத்தில் இருக்க வேண்டிய நோயாளர்களைப் பராமரித்து வந்தது. கத்ரீனா வந்தபோது நோயாளர், அவர்களின் உறவினர், ஊழியர், அயலில் இருந்து அடைக்கலம் தேடி வந்தோர் என்று இரண்டாயிரம் பேர் வரையில் அக்கட்டடத்தில் இருந்தார்கள். நோயாளர் மட்டும் இருநூறுக்கு மேல்.

சூறாவளியின்போதே நகர மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கின. இங்கே ஒரு தொழில்நுட்ப விடயத்தைக் கவனிக்க வேண்டும். மின்பிறப்பாக்கியை உயரத்தில் வைத்துவிட்டால் மட்டும் போதாது. அது உண்டாக்கும் மின்சாரத்தைக் கட்டடத்துக்குள் திருப்பிவிடும் ஆளிகள் எங்கே உள்ளன? எரிபொருள் தாங்கி எங்கே? எரிபொருளை மேலேற்றும் பம்பி எங்கே? சங்கிலியின் ஒரு வளையம் நிலமட்டத்தில் இருந்தாலும் முழுச் சங்கிலியும் நிலமட்டத்தில் இருப்பதாகவே அர்த்தம். மெமோரியலின் மின்மாற்று ஆளிகள் நிலத்திலிருந்து சில அடி உயரத்தில்தான் இருந்தன. ஆபத்து என்பது பொறுப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. உயர்த்துவதற்குச் செலவு அதிகம். ஆகஸ்ட் 31ஆம் திகதி புதன்கிழமை விடிவதற்கு முன் மின்பிறப்பாக்கிகள் நின்றன.

மின்சாரம் நின்றால் ஒரு நவீன வைத்தியசாலையில் என்னவெல்லாம் நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செயற்கைச் சுவாச இயந்திரம் நிற்கும். மின்தூக்கி நிற்கும். குளிரூட்டி நிற்கும். திறக்க முடியாத கண்ணாடி யன்னல்கள் உள்ள கட்டடம் அடுப்பாக மாறும். மெமோரியலில் யன்னல்களை உடைத்துத்தான் காற்றை வரவழைத்தார்கள். நீர்ப் பம்பி நிற்கும். மலசலகூடங்கள் நிரம்பி வழியும். குளிர்ப்பெட்டியில் உள்ள மருந்துகள் கெடத் தொடங்கும். இருட்டில் எந்த மருந்து எந்தப் போத்தலில் என்று தெரியாது. தொலைபேசி நிற்கும், வெளியுலகம் வதந்தியாக மட்டும் உள்ளே வரும். இத்தனைக்கும் மத்தியில் இரண்டு இரவு தூங்காத ஊழியர்கள் முடிவெடுக்க வேண்டும்.

அவர்கள் செய்த உடல் உழைப்பு வியக்கத்தக்கது. மின்தூக்கி இல்லாததால் நோயாளர்களைப் போர்வையிலும் படுக்கையிலும் சுற்றிப் பல மாடிகள் கீழே சுமந்தார்கள். இரண்டாம் மாடியில் இயந்திர அறைச் சுவரில் இருந்த மூன்றடிச் சதுரத் துவாரம் ஒன்றின் வழியாக, ஆளைக் கைமாற்றிக் கைமாற்றி அடுத்த கட்டடமாகிய வாகனத் தரிப்பிடத்துக்குத் தள்ளினார்கள். அங்கிருந்து வாகனத்தில் ஏற்றி மேல்தட்டுக்குக் கொண்டுபோய், பிறகு இரும்புப் படிகளால் ஏற்றி, நெடுநாள் பாவனையில் இல்லாதிருந்த ஹெலிகொப்டர் தளத்துக்குச் சேர்த்தார்கள். சுவாச இயந்திரத்தில் இருந்தவர்களுக்கு வழிநெடுகக் கையால் பலூனை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். பிறந்த பிள்ளைகள் முதலில் அனுப்பப்பட்டனர். இதில் எவரும் குறை காண முடியாது.

குறை வேறிடத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமையே வைத்தியர்கள் சிலர் கூடி, யாரை முதலில் அனுப்புவது, யாரைக் கடைசியாக அனுப்புவது என்று ஒரு ஒழுங்கை வகுத்தார்கள். இருதயம் நின்றுபோனால் திரும்ப இயக்க முயல வேண்டாம் என்று முன்னரே ஒப்பமிட்டிருந்த நோயாளர்கள் கடைசி வரிசைக்குப் போனார்கள். அந்த ஒப்பத்தின் அர்த்தம் அதுவல்ல. இருதயம் நின்ற பின் என்ன செய்ய வேண்டும் என்பதற்கே அவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது தம்மை விட்டுவிடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிறகு நோயாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுத்து, கடதாசித் துண்டில் இலக்கத்தை எழுதி வைத்தார்கள். நடக்கக்கூடியவர்கள் ஒன்று. மிகவும் நோயுற்றவர்கள் மூன்று. மூன்றாம் இலக்கத்தார் கடைசி.

செப்டெம்பர் 1ஆம் திகதி வியாழக்கிழமை மாலையளவில் கட்டடம் காலியாயிற்று. செப்டெம்பர் 11ஆம் திகதி அங்கிருந்து 45 உடல்கள் மீட்கப்பட்டன. கணிசமானோர் ஏழாம் மாடியைச் சேர்ந்தவர்கள். சிலருக்கு இறுதி நேரத்தில் மோர்பினும் மயக்கமருந்தும் ஏற்றப்பட்டமை விசாரணைக்கு உள்ளாகியது. 2006 ஜூலையில் அன்னா போ என்ற வைத்தியரும் இரு தாதியரும் கைது செய்யப்பட்டனர். வேதனையைக் குறைப்பதே நோக்கமாக இருந்தது என்று தரப்பில் சொல்லப்பட்டது. தாதியர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. 2007 ஜூலையில் பெருநடுவர் குழு வைத்தியர் மீது குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. வைத்தியரான ஊடகவியலாளர் ஷெரி ஃபிங்க் பல ஆண்டுகள் ஆய்ந்து 2009இல் எழுதிய நீண்ட கட்டுரை 2010இல் புலிட்சர் பரிசைப் பெற்றது. 2013இல் அது பெருநூலாக விரிந்தது. 2011இல் நோயாளர் தரப்பினருக்கு 25 மில்லியன் டொலர் நட்டஈடாக வழங்கக் கம்பனி இணங்கியது.

இந்த இடத்தில் பெரும்பாலான வாசகர்கள் ஒரு கேள்வியில் சிக்கிக்கொள்வார்கள்: அந்த வைத்தியர் குற்றவாளியா, இல்லையா? எனக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாகவே படுகிறது. முதல் கேள்வி, அதே நகரத்தில், அதே வெள்ளத்தில், அதே இருட்டில் நின்ற இன்னொரு வைத்தியசாலை என்ன செய்தது என்பதாகும். அதன் பெயர் செரிட்டி. தமிழில் சொன்னால் தருமாஸ்பத்திரி.

செரிட்டி வைத்தியசாலை 1736இல் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டது. கத்ரீனா வந்தபோது 1939இல் எழுப்பப்பட்ட பெருங்கட்டடத்தில் அரச வைத்தியசாலையாக இயங்கியது. காப்புறுதி இல்லாதவர்கள், கறுப்பினத்து ஏழைகள், துப்பாக்கிச் சூடுபட்டு வருபவர்கள் என்று வேறெங்கும் கதவு திறக்கப்படாதவர்களின் இடம் அது. அதன் மின்பிறப்பாக்கி ஏற்பாடும் நிலவறையிலேயே இருந்தது, மூழ்கியது. அங்கும் நூற்றுக்கணக்கான நோயாளர். பணம் கொடுத்து ஹெலிகொப்டர் வரவழைக்க அதற்கு எந்தக் கம்பனியும் இல்லை. மெமோரியல் காலியான மறுநாள், செப்டெம்பர் 2ஆம் திகதி வெள்ளிக்கிழமைதான் அங்கிருந்தோர் பெருமளவில் வெளியேற்றப்பட்டனர். அப்படியிருந்தும் அங்கே இறந்த நோயாளர் தொகை பத்துக்கும் குறைவு.

காரணம் என்ன? வறுமை சில வேளை பயிற்சியாக அமைந்துவிடுகிறது. செரிட்டியின் ஊழியர்களுக்கு இல்லாமை புதிதல்ல. கருவி பழுதானால் கையால் செய்து பழகியவர்கள். ஆனால் அது மட்டும் போதாது. அவர்கள் மூன்று விடயங்களைக் கடைப்பிடித்தார்கள். ஒன்று, வேலைமுறையைக் கைவிடவில்லை. வழமைபோல முறை மாறி முறை மாறி வேலை செய்தார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். தூங்காத மனிதனின் தீர்ப்பு நல்ல தீர்ப்பாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இரண்டு, வதந்திக்குத் தடை விதித்தார்கள். தன் கண்ணால் கண்டதை மட்டுமே பேசலாம். இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் ஊழியர்கள் பாட்டும் நடிப்புமாகச் சிறு நிகழ்ச்சியும் நடத்தினார்கள். இது விளையாட்டுத்தனமல்ல, பயத்தை அடக்கும் வழி. மூன்றாவதுதான் முக்கியம். மிகவும் நோயுற்றவர்களையே முதலில் அனுப்ப முயன்றார்கள்.

இந்த மூன்றாவது வேறுபாட்டைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மெமோரியலில் மிகவும் நோயுற்றவர் கடைசி. செரிட்டியில் மிகவும் நோயுற்றவர் முதல். வெளிப்பார்வைக்கு முதலாவது ஒழுங்கே புத்திசாலித்தனமாகத் தெரியும். பிழைக்கக்கூடியவரை முதலில் காப்பாற்று என்பது போர்க்களத்துக் கணக்கு. ஆனால் போர்க்களத்தில் உதவி வருமா என்பது தெரியாது. நியூ ஓர்லியன்ஸில் உதவி தாமதமாகியது, ஆனால் வந்தது. ஆகவே உண்மையான கேள்வி யார் பிழைப்பார் என்பதல்ல. யாரால் காத்திருக்க முடியும் என்பதுதான். நடக்கக்கூடியவரால் இன்னொரு நாள் காத்திருக்க முடியும். சுவாச இயந்திரத்தில் இருப்பவரால் முடியாது. காத்திருக்க முடியாதவரை முதலில் அனுப்பிய இடத்தில் சாவு குறைந்தது.

இதை எழுதும்போது ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு கட்டடங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. ஏழாம் மாடியில் இருந்தவர்களைப் போன்ற நீண்டகாலச் செயற்கைச் சுவாச நோயாளர் பிரிவு மெமோரியலின் சுமையை வெகுவாகக் கூட்டியது. தொகைக்குத் தொகை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது எளிது, சரியல்ல. ஆயினும் ஒழுங்கு என்பது யாரோ ஒருவர் தெரிவு செய்தது. இயற்கை அதைத் தெரிவு செய்யவில்லை.

செரிட்டிக்குக் கிடைத்த பரிசு வேறு விதமானது. கத்ரீனாவுக்குப் பிறகு அது மூடப்பட்டது. திரும்பத் திறக்கப்படவில்லை. இராணுவத்தினரும் ஊழியர்களும் சேர்ந்து கட்டடத்தின் பகுதிகளைத் துப்பரவாக்கிய பின்னரும் அது மூடியே கிடந்தது. பத்து வருடங்கள் கழித்து, 2015இல் வேறிடத்தில் புதிய வைத்தியசாலை வந்தது. இடைப்பட்ட பத்து வருடங்களில் அந்த ஏழைகள் எங்கே போனார்கள் என்பதை எந்த வெள்ளக் கணக்கும் உட்படுத்துவதில்லை.

படிப்பினை கற்கப்பட்டதா? பாதி கற்கப்பட்டது. ஏழு வருடங்களின் பின், 2012 ஒக்டோபர் 29ஆம் திகதி சாண்டி சூறாவளி நியூயோர்க்கைத் தாக்கியது. அங்கும் 1736இல் ஏழைகளுக்காகவே தொடங்கிய வைத்தியசாலை ஒன்று உண்டு: பெல்வியூ. செரிட்டியின் இரட்டைச் சகோதரி என்றே சொல்லலாம். அங்கே மின்பிறப்பாக்கிகளைப் பதின்மூன்றாம் மாடியில் வைத்திருந்தார்கள். ஆனால் எரிபொருளை மேலேற்றும் பம்பிகள் நிலவறையில் இருந்தன. நாம் மேலே சொன்ன அதே சங்கிலி, அதே தாழ்ந்த வளையம். கடல்நீர் நிலவறையை நிரப்பியது.

பெல்வியூவில் அப்போது எழுநூறு வரையான நோயாளர் இருந்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐம்பதுக்கு மேற்பட்டோர். அவர்களுக்கென ஆறு மின் இணைப்புகள் மட்டுமே எஞ்சலாம் என்று அறிவிக்கப்பட்டபோது, பொறுப்பான வைத்தியர் தனியே முடிவெடுக்கவில்லை. வைத்தியர், தாதியர், ஒழுக்கவியல் அறிந்தோர் என்று ஒரு குழுவைக் கூட்டினார். ஏற்கனவே வகுக்கப்பட்டிருந்த வழிகாட்டல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டியல் தயாரித்தார். இணைப்புக் கிடைக்காத ஒவ்வொரு நோயாளரின் பக்கத்திலும் கையால் மூச்சுக் கொடுக்க ஆள் நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் ஊழியர்களும் தேசிய காவல்படையினரும் படிக்கட்டு நெடுகிலும் வரிசையாக நின்று, எரிபொருள் கேன்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதின்மூன்று மாடிகளுக்கு மேலேற்றினார்கள். மின்பிறப்பாக்கி நிற்கவில்லை. தயாரித்த பட்டியலைப் பயன்படுத்தும் தேவை ஏற்படவில்லை. அடுத்த சில நாட்களில் நோயாளர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அருகிலிருந்த நியூயோர்க் பல்கலைக்கழக வைத்தியசாலையில், குறைமாதத்தில் பிறந்தவை உட்பட இருபது சிசுக்களைத் தாதியர் மார்போடு அணைத்து ஒன்பது மாடிகள் இறங்கினார்கள். பெல்வியூ 2013 பெப்ரவரியில் முழுமையாகத் திறக்கப்பட்டது. செரிட்டியின் கதவு அப்போதும் மூடியே இருந்தது.

நமது பக்கம் திரும்புவோம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை நீருக்குள் போனபோது, மணப்பாக்கத்தில் அடையாற்றின் கரையில் உள்ள மியாட் தனியார் மருத்துவமனைக்குள் ஆறு புகுந்தது. மின்பிறப்பாக்கிகள் மூழ்கின. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களில் 18 பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. மின்சாரமும் ஒட்சிசனும் நின்றதே காரணம் என்றனர் சில உறவினர்கள். அவர்கள் ஏற்கனவே கவலைக்கிடமான நிலையில் இருந்தவர்கள் என்றது மருத்துவமனை. வாதம் எப்படியாயினும் ஒன்று வெளிப்படை. கத்ரீனா முடிந்து பத்து வருடங்கள், சாண்டி முடிந்து மூன்று வருடங்கள். மின்பிறப்பாக்கி எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுவதும் பேசப்பட்டு முடிந்த விடயம். அறிவு பயணம் செய்யும் வேகம் வெள்ளத்தின் வேகத்தைவிடக் குறைவு.

வைத்தியசாலையை எங்கே கட்டுவது என்ற கேள்வி பழையது. நமது மரபில் அதற்கு ஓர் அழகான கதை உண்டு. பக்தாதில் வைத்தியசாலைக்கு இடம் தேடியபோது, அர்-ராஸி நகரின் பல பகுதிகளிலும் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே மிகத் தாமதமாக அழுகியதோ அந்த இடத்தைத் தெரிவு செய்தாராம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வைத்தியர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ இதைப் பதிவு செய்திருக்கிறார். புகழ்பெற்ற அழுதீ வைத்தியசாலை 982இல் திறக்கப்பட்டபோது அர்-ராஸி மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது என்பதால், கதையை அந்தக் கட்டடத்தோடு சேர்க்க முடியாது. ஆனால் கதை சொல்லும் உண்மை பெரியது: இடம் என்பது மருந்தின் முதல் பாகம். 1184இல் பக்தாதுக்குப் போன இப்னு ஜுபைர் அந்த வைத்தியசாலையை தஜ்லா நதிக்கரையில் கண்டார். நதிநீர் வாய்க்காலில் உள்ளே வந்தது. காற்றும் நீரும் நல்ல இடம்தான். ஆனால் தஜ்லா அடிக்கடி கரைபுரளும் நதி. காற்றைச் சோதிக்க ஒரு இறைச்சித் துண்டு போதும்; வெள்ளத்தைச் சோதிக்க ஒரு நூற்றாண்டு நினைவு வேண்டும்.

அந்த நினைவு எவ்வளவு மெதுவாகச் செயலாகிறது என்பதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. காலி மஹமோதர மகப்பேற்று வைத்தியசாலை கடற்கரையை ஒட்டி நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அதற்குள் புகுந்தது. கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் ஊழியர்கள் வெளியேற்றினார்கள். அதே நாளில் கிழக்கே கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. சூறாவளியாக வந்தாலென்ன, கடலே எழுந்து வந்தாலென்ன, தாதியின் கையில் விழும் வேலை ஒன்றுதான். அன்று தென்னிலங்கையில் விடுமுறையில் இருந்த ஜேர்மனியின் முன்னாள் அதிபர் ஹெல்முட் கோல், காலிக்கு ஒரு புதிய மகப்பேற்று வைத்தியசாலை கிடைக்க முன்னின்றார். கடலிலிருந்து விலகி, கராப்பிட்டியில் அது கட்டப்பட்டுத் திறக்கப்பட்டது 2024 மார்ச் மாதத்தில். கோல் 2017இலேயே காலமாகிவிட்டார். அலை வந்த வருடத்தில் பிறந்த பெண் பிள்ளை தாயாகும் வயதை எட்டும்வரை, அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வைத்தியசாலைக்குக் காலம் தேவைப்பட்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது என்னில் ஒரு கருத்து உறுதிப்படுகிறது. வெள்ளத்தில் வைத்தியசாலை மூழ்குவது வெள்ளம் வந்த அன்றல்ல. ஆளிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பிறகு பார்ப்போம் என்று கோப்பை மூடிய அன்றே அது மூழ்கத் தொடங்குகிறது. யாரை முதலில் தூக்குவது என்ற கேள்வியை அபசகுனம் என்று ஒதுக்கிய அன்றே அங்கே முதல் உயிர் ஊசலாடத் தொடங்குகிறது. வெள்ளம் வந்த பின் நடப்பது, அந்தப் பழைய கடனைத் தாதியரும் சிற்றூழியரும் தங்கள் தோள்களால் அடைப்பதுதான். ஆகவே பேரிடருக்குப் பிறகு அவர்களை வீரர்கள் என்று புகழ்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. புகழ் தகும். ஆனால் புகழ்ச்சியால் கடன்காரரின் பெயர் மறைந்துபோகிறது.

இரவுக் கடமைக்கு வரும் சிற்றூழியரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாடிப்படியில் நோயாளரைச் சுமப்பது பெரும்பாலும் அவர்தான். அவருடைய வீடும் அதே வெள்ளத்தில் இருக்கும். பிள்ளைகள் எங்கே என்று தெரியாமல் அடுத்தவர் பிள்ளையைச் சுமப்பவர் அவர். நியூ ஓர்லியன்ஸ் ஆனாலும் சிலாபம் ஆனாலும் இந்த நிலை மாறுவதில்லை. அவருடைய குடும்பத்தை யார் பார்ப்பது என்பதும் வைத்தியசாலையின் திட்டத்துக்குள் எழுதப்பட வேண்டியது. அது எழுதப்படாதவரை அவருடைய தியாகத்தை நாம் இலவசமாகவே வாங்குகிறோம்.

அமெரிக்காவில் வைத்தியசாலைகள் அனைத்தும் அனர்த்தத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று விரிவான விதி 2016இல் வந்தது. கத்ரீனாவுக்குப் பதினொரு வருடங்களின் பின். நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. நக்கிள்ஸ் சாரலில் அடுத்த பெருமழை எப்போது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் சில கேள்விகளை இன்றே கேட்கலாம். எமது வைத்தியசாலையின் மின்பிறப்பாக்கி எந்த மட்டத்தில் இருக்கிறது? அதன் ஆளியும் பம்பியும் எங்கே? மருந்துக் களஞ்சியம் கீழேயா மேலேயா? ஒட்சிசன் எத்தனை நாளுக்கு? பிரதான வீதி சரிந்தால் மாற்று வழி எது? மலைத்தோட்டங்களில் உள்ள கர்ப்பிணிகளின் பட்டியல் மழைக்காலத்துக்கு முன் யாருடைய கையில் இருக்கிறது? பாதை அறுந்தால் எந்தப் பாடசாலை மண்டபம் தற்காலிகச் சிகிச்சை நிலையமாகும், அதன் திறப்பு யாரிடம்? இவற்றைக் கேட்பதற்கு வைத்தியராக இருக்கத் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் கேட்கலாம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கேட்கலாம், வைத்தியசாலையின் நலன்புரிச் சங்கம் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வியை வெயில் காயும் நாளில், வைத்தியரும் தாதியரும் ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாக அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டும். படகில் ஒரே ஒரு இடம் இருந்தால் அது யாருக்கு? மெமோரியலில் அந்தக் கேள்வி தூக்கமில்லாத இரவில், இருட்டில், அச்சத்தின் நடுவே கேட்கப்பட்டது. கடதாசித் துண்டில் மூன்று என்று எழுதி ஒரு மனிதரின் ஆடையில் வைப்பதோடு அதற்கு விடை கிடைத்தது. செரிட்டியில் அதற்கு வேறு விடை இருந்தது: காத்திருக்க முடியாதவருக்கு. பெரிய நூல்களை எல்லாம் வாசித்து முடித்த பிறகும் அந்த ஏழைகளின் வைத்தியசாலை தந்த அந்த விடையைவிடச் சிறந்ததொன்றை நான் கண்டதில்லை.